முதலாண்டு மாணவர்களுக்குப் பாடத்தேர்வில் வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வழிகாட்டி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துபவன். கல்லூரிக்குப் புதிதாக வரும் மாணவர் முதலில் உங்கள் மேசைக்குத்தான் வருகிறார். எந்தெந்தப் பாடங்களை எடுப்பது என்று கேட்கிறார், நீங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறீர்கள். ஓராண்டு கழித்து அதே மாணவர் என் வகுப்பில் வந்து உட்காருகிறார். அன்றைய கையெழுத்தின் பலன் அப்போது என் கண்ணில் படுகிறது. அதனால்தான் இந்த மடல்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். முதல் செமஸ்டருக்கான பாடங்களைப் பற்றிப் பேசும்போது அந்த செமஸ்டரோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு பாடமும் அடுத்து எங்கே கொண்டுபோய் விடும், எதை இப்போது விட்டால் எந்த வழி அடைபடும் என்பதை முதலில் சொல்லுங்கள். விருப்பம், மதிப்பெண், வகுப்பு நேரம் எல்லாம் அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பொருளாதாரம் படிக்க வந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பாடப்பட்டியலில் வணிகக் கணிதம் என்று ஒன்று இருக்கிறது, நுண்கணிதம் 1 என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் அளவு ஒன்றே. கணிதத்தில் ஏதாவது ஒரு பாடம் எடுத்தாக வேண்டும் என்ற விதிக்கு இரண்டுமே பொருந்தும். வணிகக் கணிதம் சுலபம் என்று சீனியர்கள் சொல்லியிருக்கிறார்கள், வகுப்பு நேரமும் வசதியாக இருக்கிறது. அதையே எழுதிக்கொண்டு வருகிறாள். விதிப்படி அதில் ஒரு தவறும் இல்லை, கையெழுத்து விழுந்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு, என் வகுப்பில் மூன்றாவது வாரம். சிதறிக் கிடக்கும் புள்ளிகளின் நடுவே மிகப் பொருத்தமான நேர்கோட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி கோட்டின் சாய்வையும் வெட்டுத்துண்டையும் (கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம்) கண்டுபிடிக்க வேண்டும். நுண்கணிதம் 1இல் சொல்லித்தரும் வகையிடல் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு வரி வேலை. சாய்வைப் பொறுத்து ஒருமுறை, வெட்டுத்துண்டைப் பொறுத்து ஒருமுறை வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் விடை வந்து நிற்கும். இந்த மாணவிக்கு அந்தக் குறியீடே புதிது. படத்தைப் பார்த்துப் படம் வரைவதுபோல, பலகையில் இருப்பதை நோட்டில் அப்படியே இறக்கிக்கொள்கிறாள். கெட்டிக்காரி, ஒரு வகுப்புக்கும் வராமல் இருந்ததில்லை. அவளிடம் இல்லாதது ஒரே ஒரு பாடம், அதை எடுத்திருக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சரி, இப்போது போய் நுண்கணிதம் 1 எடுத்துக்கொள்ளலாமே என்றால், அது ஆண்டின் முதல் செமஸ்டரில் மட்டும் நடக்கிறது. அதை முடித்தால்தான் நுண்கணிதம் 2. அதற்குப் பிறகுதான் அவள் ஆசைப்படும் பொருளாதார அளவியல், அதாவது பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பாடம். அது வரும்போது படிப்பே முடிந்துவிடும்.

எல்லாத் துறைகளிலும் இப்படிச் சங்கிலிகள் இருக்கின்றன. பொது வேதியியல், அப்புறம் கரிம வேதியியல், அதன்மேல் உயிர்வேதியியல். நிரலாக்கம் தெரியாமல் தரவுக் கட்டமைப்புக்குப் போக முடியாது, தரவுக் கட்டமைப்பு இல்லாமல் அல்காரிதம் கிடையாது. நான்கு கண்ணிகள் உள்ள சங்கிலியில் ஒவ்வொரு பாடமும் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்றால், முதலாண்டில் தொடங்கியவர் நான்காம் ஆண்டில்தான் முடிப்பார். ஓராண்டு தள்ளிப்போனவருக்கு அங்கே இடமே இல்லை. வரலாற்றிலோ ஓவியத்திலோ ஓர் அறிமுகப் பாடம் அப்படி இல்லை. பெரும்பாலும் அதை எந்த ஆண்டிலும் எடுக்கலாம். முக்கியத்துவத்தில் அது ஒன்றும் குறைந்ததல்ல, காத்திருக்கும், அவ்வளவுதான். சங்கிலியின் முதல் கண்ணி காத்திருக்காது. முதலாண்டு மாணவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை, ஏனென்றால் பட்டியலில் எல்லாப் பாடங்களும் ஒரே எழுத்தளவில், ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கின்றன.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மாணவர் கடைசி ஆண்டில் எந்தப் பாடத்தைப் படித்தால் சந்தோஷப்படுவார் என்று கேளுங்கள். அந்தப் பாடத்தின் விவரத்தில், இதற்கு முன் எவற்றை முடித்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் உள்ள பாடத்துக்குப் போங்கள், அதன் விவரத்தில் உள்ள வரிக்குப் போங்கள், இப்படியே பின்னால் நடந்து முதல் செமஸ்டர்வரை வாருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் அம்புக்குறி போட்டு மாணவரே வரையட்டும், தாளை அவரே வைத்துக்கொள்ளட்டும். எந்தத் துறை என்று இன்னும் முடிவு செய்யாதவரா? அவருக்கு இது இன்னும் அவசியம். மனதில் இருக்கும் இரண்டு மூன்று துறைகளுக்கும் இப்படி வரைந்து பாருங்கள். நுண்கணிதம், புள்ளியியல், நிரலாக்கம், கட்டுரை எழுதும் பயிற்சி போன்ற சில பாடங்கள் பல தாள்களில் திரும்பத் திரும்ப வரும். முடிவெடுக்காதவர் முதலில் எடுக்க வேண்டியவை அவைதான்.

"பெரியவர்கள்தானே, அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளட்டும்" என்று உங்களில் சிலர் சொல்வது எனக்குத் தெரியும். அந்த மரியாதையை நான் மதிக்கிறேன். ஆனால் விருப்பம் என்று மாணவர் கொண்டுவருவதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு தற்செயல் என்று பாருங்கள்.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாதமியில், மாணவர்கள் பொதுப்பாடங்களை எந்த நேரத்தில் படிப்பது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நிர்வாகமே ஒதுக்குகிறது. அதை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2021இல் வெளியானது. ஒரு பாடத்தைக் காலை 7.30 மணி வகுப்பில் படிக்க நேர்ந்தவர்கள், அதே பாடத்தைப் பிந்திய நேரத்தில் படித்தவர்களைவிட, அந்தத் துறையை முதன்மைப் பாடமாக எடுப்பது சுமார் 10 சதவீதம் குறைவாக இருந்தது. தூக்கக் கலக்கத்தில் வந்த சோர்வைப் பாடத்தின்மீது ஏற்றிவிட்டார்கள். "எனக்கு இந்தத் துறை ஒத்துவராது" என்று மாணவர் உறுதியாகச் சொல்லும்போது, அது எத்தனை மணி வகுப்பு என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆசிரியரைப் பார்த்துப் பாடம் எடுப்பதும் அப்படித்தான். யார் நன்றாக மதிப்பெண் போடுவார் என்ற செய்தி சேர்க்கை நாளிலேயே பரவிவிடும். கார்னெல் பல்கலைக்கழகம் 1990களின் பிற்பகுதியில் ஒவ்வொரு பாடத்திலும் மாணவர்கள் வாங்கிய இடைநிலை மதிப்பெண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. தாராளமாக மதிப்பெண் கிடைக்கும் பாடங்களை நோக்கி மாணவர்கள் நகர்ந்தார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதிப்பெண்ணை வைத்துத்தான் உதவித்தொகையும் மேற்படிப்பும் என்றால் யாராக இருந்தாலும் அதைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் அடுத்த பாடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்க விமானப்படை அகாதமியில் மாணவர்களை ஆசிரியர்களுக்குக் குலுக்கல் முறையில்தான் ஒதுக்குகிறார்கள், எல்லாப் பிரிவுக்கும் தேர்வு ஒன்றே. அங்கே நுண்கணித அறிமுகப் பாடத்தை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தின் தேர்வில் நன்றாகச் செய்தார்கள், ஆசிரியருக்கும் உயர்ந்த மதிப்பீடு கொடுத்தார்கள். அனுபவம் மிகுந்த ஆசிரியர்களிடம் படித்தவர்களுக்கு அந்த நேரத்தில் மதிப்பெண் அவ்வளவு வரவில்லை, ஆனால் அதைத் தொடர்ந்து வந்த மேற்பாடங்களில் அவர்கள்தான் மேலே நின்றார்கள். முதல் பாடத்தின் மதிப்பெண் முதல் பாடத்தை மட்டும்தான் சொல்கிறது. இரண்டாம் ஆண்டில் நடத்துகிற என்னைப் போன்றவர்களுக்கு இது தினமும் கண்ணெதிரே நடக்கிறது.

முழுச் சுதந்திரம் கொடுத்துப் பார்த்த வரலாறும் உண்டு. சார்லஸ் எலியட் 1869இலிருந்து 1909வரை ஹார்வர்டின் தலைவராக இருந்தார். கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பெரும்பாலும் மாணவர் விருப்பத்துக்கே விட்டார். அதனால் எத்தனையோ புதிய துறைகள் கல்லூரிக்குள் வந்தன, அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் நிறையப் பேர் ஒவ்வொரு துறையிலும் ஆரம்பப் பாடத்தை மட்டும் தொட்டுவிட்டு, எதிலும் உள்ளே போகாமல் பட்டம் வாங்கிப் போனார்கள். அவருக்கு அடுத்து வந்த லாரன்ஸ் லோவல், ஒரு துறையில் ஆழமும் மற்றவற்றில் பரவலும் இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார். இன்று பல கல்லூரிகளில் முதன்மைப் பாடம், விருப்பப் பாடம் என்று பிரித்திருப்பதில் அந்த யோசனையின் சாயல் இருக்கிறது.

அதற்காக, வந்த முதல் நாளே துறையை முடிவு செய் என்று நெருக்குவதும் சரியில்லை. இங்கிலாந்தில் மாணவர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே துறையைத் தேர்ந்துவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் முதல் இரண்டு ஆண்டுகள் பல துறைப் பாடங்களைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இரண்டையும் ஒப்பிட்ட பொருளாதார ஆய்வு ஒன்றில், சீக்கிரம் தேர்ந்த இங்கிலாந்துப் பட்டதாரிகள்தான் படித்த துறைக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு அதிகம் மாறியிருந்தார்கள். அதனால் தன் துறைக்கு வெளியே ஒரு பாடம் எடுக்க விரும்பும் மாணவரைத் தடுக்காதீர்கள். எடுக்கட்டும். அதை எந்த செமஸ்டரில் எடுத்தால் சங்கிலி அறுபடாது என்று மட்டும் காட்டிக்கொடுங்கள்.

அப்புறம், சுமை. இதைப் பற்றி மாணவரிடம் கணக்குப் போட்டுப் பேசுபவர்கள் மிகக் குறைவு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக, ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பும். 15 கிரெடிட் எடுத்தால் வாரத்துக்கு 45 மணி நேரம். எந்த ஊர்க் கணக்கைப் பார்த்தாலும் இது ஒரு முழுநேர வேலை. ஆனால் மாணவர் கையில் இருக்கும் கால அட்டவணையில் வகுப்பு நேரம் மட்டும்தான் தெரிகிறது. அதில் 15 மணி நேரத்தைப் பார்த்துவிட்டு, மீதி நாளெல்லாம் காலி என்று நினைக்கிறார். வாரத்துக்கு 20 மணி நேரம் பார்ட் டைம் வேலைக்குப் போகிறவர் என்றால் உண்மையில் அவர் ஒத்துக்கொண்டது 65 மணி நேரம். பயணத்தையும் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களையும் இன்னும் சேர்க்கவில்லை.

வேலைக்குப் போகிறாயா, வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும், வீட்டில் உன்னை நம்பி யாராவது இருக்கிறார்களா என்று தயவுசெய்து கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள். கிரெடிட் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் உழைப்பின் தன்மை வேறு என்பதையும் சொல்லுங்கள். இரண்டு லேப் பாடங்கள் சேர்ந்தால் வாராவாரம் இரண்டு லேப் ரெக்கார்டு எழுத வேண்டும். வாசிப்பு மிகுந்த பாடங்கள் மூன்று சேர்ந்தால் கடைசி மாதத்தில் மூன்று கட்டுரைகளும் ஒரே வாரத்தில் வந்து விழும். கணக்குப் போடும் பாடம் ஒன்று, வாசிக்கும் பாடம் ஒன்று, லேப் ஒன்று என்று கலந்து எடுத்தவர்கள் முதல் செமஸ்டரைத் தாண்டுவது சுலபமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பாடத்தின் பெயரையும் நான்கு வரி அறிமுகத்தையும் மட்டும் நம்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கையில் கொடுங்கள். விடை தெரிய வேண்டியதில்லை, எந்த மாதிரிக் கேள்விகள் என்று பார்த்தாலே போதும். உளவியல் என்றால் மனிதர்களைப் பற்றிய சுவையான பேச்சு என்று நினைத்து வருகிறவர், பாதிக் கேள்விகள் ஆய்வுமுறையும் புள்ளிவிவரமுமாக இருப்பதைப் பார்ப்பார். சிலர் விலகுவார்கள். சிலருக்கு, நான் பார்த்தவரை, அந்தத் தாள்தான் ஆசையைக் கிளப்பும்.

குடும்பத்திலேயே முதலாவதாகக் கல்லூரிக்கு வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மாவோ அண்ணனோ கல்லூரி போயிருந்தால், எதை முதலில் எடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் மாற்றலாம், ஆசிரியரிடம் என்ன கேட்கலாம் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்திருக்கும். இவர்களுக்கு அது இல்லை. உங்கள் முன்னால் மிகக் குறைவாகப் பேசி, "நீங்க சொன்னா சரி சார்" என்று சீக்கிரம் எழுந்து போகிறவர் பெரும்பாலும் இவராகத்தான் இருப்பார். அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. கேள்வி கேட்பவர்களுக்கு இருபது நிமிடம், கேட்காதவர்களுக்கு ஐந்து நிமிடம் என்று நேரம் பிரிந்துபோகிறது, உண்மையில் அது தலைகீழாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் சமுதாயக் கல்லூரிகளில், அதாவது இரண்டாண்டுப் பட்டம் தரும் கல்லூரிகளில், மாணவர்கள் சீக்கிரம் படிப்பை முடிக்க உதவும் ஏஎஸ்ஏபி என்ற திட்டத்தைத் தொடங்கியது. மற்ற மாணவர்களில் 600 பேருக்கும் மேற்பட்டவர்களை ஓர் ஆலோசகரே பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், இந்தத் திட்டத்தில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 பேர்தான். அடிக்கடி சந்தித்தார்கள். மூன்று ஆண்டுகளில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், திட்டத்தில் சேராத அதே மாதிரி மாணவர்களில் 22 சதவீதம் என்று 2015இல் வந்த மதிப்பீடு சொன்னது. கட்டணத்திலும் புத்தகத்திலும் பயணச்செலவிலும் உதவி இருந்தது, முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அதனால் எல்லாப் பெருமையையும் ஆலோசகர்களுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் துறைக்கூட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும்போது இந்த எண்களை எடுத்து வையுங்கள். என்னைப் போல இரண்டாம், மூன்றாம் ஆண்டில் நடத்துகிறவர்களையும் மேசைக்கு அழையுங்கள். சேர்க்கை வாரத்தில் இரண்டு நாள் வந்து உட்கார நான் தயார், என் சக ஆசிரியர்கள் சிலரும் தயார்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். பாடத்தை மாற்றிக்கொள்ள ஒரு கடைசித் தேதி இருக்கிறது. பல கல்லூரிகளில் அதற்குள் விட்டால் சான்றிதழில் எந்தத் தடமும் இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் விலகினார் என்று பதிவாகும், இன்னும் தாமதித்தால் தேர்ச்சி பெறவில்லை என்றே விழும். கிரெடிட் ஓர் அளவுக்குக் கீழே போனால் உதவித்தொகை நிற்கும் இடங்களும் உண்டு. இதை அந்தத் தேதி போன பிறகு தெரிந்துகொண்டு என்னிடம் வந்து நிற்கிற மாணவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இருப்பதில்லை.

ஆகவே சேர்க்கை நாள் சந்திப்போடு முடித்துக்கொள்ளாமல், அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஒவ்வொருவரையும் இன்னொரு முறை கூப்பிடுங்கள். அப்போது அவர்கள் சில வகுப்புகளை உட்கார்ந்து பார்த்திருப்பார்கள், ஒரு அசைன்மென்ட்டாவது திருத்தி வந்திருக்கும், கேட்க உண்மையான கேள்விகள் இருக்கும். அம்புக்குறி போட்ட அந்தத் தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எதை விட்டால் எது போகும் என்று அதில் பார்த்து அவர்களே சொல்வார்கள். அடுத்த சேர்க்கைக்கான நாட்காட்டி இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், அந்த இரண்டாவது சந்திப்புக்கான வாரத்தை இப்போதே அதில் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
இரண்டாம் ஆண்டு வகுப்பின் ஆசிரியர் ஒருவர்